அத்தாவின் பேரேடும் ஒரு ரசீதும்
(குடும்ப தின நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



பிரியாணி ஆறிவிடும் என்று தலைவர் எனக்குப் பத்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார். நேரே விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டுப் பழைய காகிதங்களைப் பல்கலைக்கழக ஆவணக் காப்பகம் கேட்டால் இரவல் கொடுங்கள். ஆனால் எழுதி வாங்காமல் கொடுக்காதீர்கள்.

எங்கள் அத்தா கூத்தாநல்லூரிலிருந்து ரஜூலா கப்பலில் வந்து, கிள்ளானில் துணிக்கடை வைத்தவர். கடைப் பேரேடு, கப்பல் சீட்டு, சிவப்பு அடையாள அட்டை, நன்னி ஊரிலிருந்து அரபுத் தமிழில் எழுதிய கடிதங்கள், இவைதான் அவர் விட்டுச்சென்றவை. பல வருடங்களுக்கு முன் ஆராய்ச்சி செய்கிறேன் என்று ஒருவர் வந்தார். தேநீர் கொடுத்தோம். கடைத் திறப்பு விழாப் படங்களையும் கொடுத்தோம். படங்கள் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து ராத்தா அலமாரியைப் பூட்டிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் பூட்டு தண்ணீரைத் தடுக்காது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மேல்தட்டில் இருந்த பேரேடு தப்பியது. கீழ்த்தட்டில் இருந்த கடிதங்களின் மை கரைந்துபோனது. நன்னியின் கையெழுத்து என்று சொல்ல எங்களிடம் இன்று ஒரு வரி இல்லை. ஒரு பிரதி வேறு இடத்தில் இருந்திருந்தால்!

சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 1887இல் தொடங்கிய ‘சிங்கைநேசன்’ இதழை இன்று நாம் படிக்க முடிகிறது. அதன் பிரதிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருந்தது அதற்குப் பெரிய காரணம். அப்படியானால் நம் பொருள் சீமைக்குப் போய்விடுமா என்று கேட்பீர்கள். போக வேண்டியதில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா சேகரித்த நூல்களை, அவர் மறைந்தபின், 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. நூல்கள் அமெரிக்கா போகவில்லை, சென்னையிலேயே நூலகமாயின. நம் ஊரிலும் ஆர்க்கிப் நெகாரா 1957 முதல் இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறையும் இருக்கிறது.

கொடுக்கும்போது ஒவ்வொரு தாளுக்கும் எண் போட்ட பட்டியல் கேளுங்கள். திருப்பித் தரும் தேதி, நமக்கு ஒரு ஸ்கேன் பிரதி, யார் பார்க்கலாம் என்ற நிபந்தனை, எல்லாம் கையொப்பத்தோடு வேண்டும். சூரா அல்பகராவின் 282ஆம் வசனம் கடனை எழுதி வைக்கச் சொல்கிறது. காசுக்கு எழுதுகிறோம், காகிதத்துக்கு எழுத மட்டும் கூச்சப்படுகிறோம்.

இன்னொன்று. அசிங்கம் என்று நினைத்து எதையும் கிழித்துப் போடாதீர்கள். அத்தாவின் பேரேட்டில் பாதி, கடன் பாக்கி. தோட்டத்து ஆள், மலாய்க்கார ஆசிரியர், சீனத் தையல்காரர், யார் எத்தனை கெஜம் துணியைத் தவணைக்கு எடுத்தார்கள் என்று இருக்கிறது. அந்தக் காலத்துக் கிள்ளான் கடைத்தெரு எந்த நூலிலும் இவ்வளவு தெளிவாக இல்லை. பாக்கிக்காரர்களின் பேரப்பிள்ளைகள் இந்த மண்டபத்திலேயே இருக்கலாம், பயப்படாதீர்கள்! அந்தப் பக்கங்களை இத்தனை வருடம் வெளியிடக்கூடாது என்று எழுதி வாங்கலாம். செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். அது காகிதத்தைக் கெடுத்துவிடும்.

போன மாதம் ராத்தா சம்மதித்தார். ஒரே நிபந்தனை: பேரேட்டோடு தானும் போவேன், ஸ்கேன் முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன் என்றார். இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். ரசீது இப்போது அவர் கைப்பையில் இருக்கிறது. சாப்பாட்டு வரிசையில் கேட்டுப் பாருங்கள், காட்டுவார்.