நூலகர் சங்கமும் கிராமப் புத்தகப் பெட்டியும்

(நூலகப் பணியாளர் சங்கத்தின் ஜில்லாக் கிளையொன்றின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இக்கூட்டத்தில் பேச வேண்டுமென்று நம் காரியதரிசி கேட்டுக்கொண்டபோது என் மனம் சற்றே தயங்கிற்று. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு நூலகன், நாள்தோறும் நூலகக் கதவைத் திறந்து பணி செய்யும் உங்களுக்குப் புதிதாக என்ன சொல்லப் போகிறான் என்று எண்ணினேன். ஆயினும் இன்று நீங்கள் முடிவு செய்ய வேண்டிய ஒரு விஷயத்தைப் பற்றி எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. அதை மனத்திலே வைத்துக்கொண்டு உபசார வார்த்தைகளை மாத்திரம் பேசிவிட்டுப் போவது நேர்மையாகாது என்று கருதியே வந்திருக்கிறேன்.

விஷயம் யாவரும் அறிந்ததே. சந்தாவாலும் நன்கொடையாலும் பல வருஷங்களாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்த ஒரு தொகை நம் கிளையின் பொக்கிஷத்தில் இருக்கிறது. அதைக் கொண்டு சங்கத்திற்கென ஒரு கட்டடம் எழுப்பத் தொடங்கலாம் என்பது ஒரு சாரார் கருத்து. நூலகமே இல்லாத கிராமங்களுக்குப் புத்தகப் பெட்டிகள் அனுப்பலாம் என்பது மற்றொரு சாரார் கருத்து. இரண்டையும் ஒருங்கே செய்யப் பணம் போதாது. எதை முதலில் செய்வது என்பதே கேள்வி.

வருஷத்து வேலை

சென்ற வருஷத்தில் நம் கிளை செய்த வேலைகளைக் காரியதரிசி விவரமாகப் படித்தார். மாதந்தோறும் கூடினோம். பகுதிநேர நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் பணி செய்வோருக்குக் கிழிந்த புத்தகங்களைத் தைத்து ஒட்டும் முறையைக் கற்பித்தோம். கோடை விடுமுறையில் குழந்தைகளுக்குக் கதை வாசித்துக் காட்டினோம். கூரை ஒழுகும் நூலகங்களைப் பற்றி மேலதிகாரிகளுக்கு விண்ணப்பம் அனுப்பினோம். இவையெல்லாம் பாராட்டுதற்குரியவையே. ஆனால் அந்த அறிக்கையில் இடம் பெறாத ஒரு சம்பவத்தை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கிளையின் சார்பில் நானும் இரண்டு நண்பர்களும் ஒரு கிராமத்திற்குப் போயிருந்தோம். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே நூலகம் இல்லை. ஆனால் பொதுக் கட்டடமொன்றில் நன்கொடையாக வந்த புத்தகங்கள் நிறைந்த ஓர் அலமாரி உண்டு என்று கேள்விப்பட்டோம். போய்ப் பார்த்தபோது அலமாரி பூட்டியிருந்தது. சாவி ஒரு பெரியவரிடம் இருப்பதாகச் சொன்னார்கள். அவரோ மகன் வீட்டிற்கு வெளியூர் போய் நெடுநாள் ஆகியிருந்தது. அவ்வூர்ப் பெண் குழந்தை ஒருத்தி, "நான் மூன்று தரம் வந்து கேட்டுவிட்டேன், ஐயா, சாவி இல்லை என்றே சொல்கிறார்கள்" என்றாள். ஆள் அனுப்பிச் சாவியை வருவித்து அலமாரியைத் திறந்தோம். கீழ்த்தட்டு முழுவதையும் கறையான் அரித்திருந்தது. கையை வைத்தால் காகிதம் மண்ணாக உதிர்ந்தது. மேல்தட்டிலிருந்து எடுத்த ஒரு கதைப் புத்தகத்தை அக்குழந்தையின் கையில் கொடுத்தோம். அவள் அதை அங்கேயே நின்று படிக்கத் தொடங்கிவிட்டாள்.

அவ்வூரில் புத்தகமும் இருந்தது, வாசகரும் இருந்தார். இரண்டையும் சேர்த்து வைக்க ஒருவர் இல்லாமையே குறை. நம் தொழில் என்ன என்று யாரேனும் கேட்டால், அந்தக் குறையை நீக்குவதே நம் தொழில் என்று நான் விடை சொல்வேன்.

சங்கம் பிறந்த விதம்

இத் தொழிலுக்கு நம் நாட்டில் ஒரு சங்கம் தோன்றிய வரலாற்றை இளைய அங்கத்தினர்கள் அறிந்திருக்க வேண்டும். சீர்காழியில் 1892-ஆம் வருஷம் பிறந்த ஸ்ரீ எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்தவர். 1924-இல் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகராக நியமிக்கப்பட்டார். அந்த வேலையின் தனிமை அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. சில நாட்களிலேயே பழைய கல்லூரிக்குத் திரும்பி வகுப்பு நடத்த விரும்பினார். எனினும் அவ்வருஷமே நூலகப் பயிற்சிக்காக லண்டனுக்கு அனுப்பப்பட்டார். அங்கே நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களை நேரிற் கண்டார். கற்றவரும் தொழிலாளியும் குழந்தையும் ஒரே கூரையின்கீழ்ப் புத்தகம் எடுப்பதைப் பார்த்தபின் அவருடைய மனம் அடியோடு மாறிற்று. 1925-இல் திரும்பி வந்தவர் பிறகு இத் தொழிலை விட்டு அகலவே இல்லை.

1928-ஆம் வருஷத் தொடக்கத்தில் சென்னை நூலகச் சங்கம் நிறுவப்பட்டது. ரங்கநாதன் அதன் காரியதரிசியானார். அச் சங்கத்தார் முதலில் செய்தவை எவை என்பதைக் கவனியுங்கள். 1929-இல் நூலகப் பணிக்கு ஒரு பயிற்சிப் பள்ளியைத் தாமே தொடங்கினர். அதன் பயன் விளங்கியபின் 1931-இல் சென்னைச் சர்வகலாசாலை அப்பள்ளியை ஏற்று நடத்தலாயிற்று. அதே 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளைப் பற்றி ரங்கநாதன் எழுதிய நூலைச் சங்கமே வெளியிட்டது. புத்தகம் பூட்டி வைப்பதற்கன்று, பயன்படுவதற்கே என்பது அவ்விதிகளின் அடிப்படை. படிக்க விரும்பும் எவரும் தமக்குரிய நூல் கிடைக்காமல் திரும்பலாகாது. எந்த நூலும் தன்னை நாடுவார் இன்றிக் கிடக்கலாகாது. வருவோரின் காலம் வீணாகலாகாது. நூலகம் உயிருள்ள பொருளைப் போல் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பவை ஏனைய கருத்துகள். நான் சொன்ன அலமாரி இவற்றுள் ஒன்றையாவது காத்ததா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

1930-இல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மகாநாட்டில் ரங்கநாதன் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தைச் சமர்ப்பித்தார். அவ்வெண்ணம் சென்னையில் சட்டமாக 18 வருஷங்கள் சென்றன. ஸ்ரீ தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோது, 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. சுதந்திர இந்தியாவில் இவ்வகைச் சட்டங்களுள் இதுவே முதலாவது. ஜில்லாதோறும் நூலக ஆணைக்குழு ஏற்பட்டதும், சொத்து வரியோடு சேர்த்து ஒரு சிறு நூலக வரி வசூலிக்கப்பட்டதும் இச் சட்டத்தினாலேயே. நம்மிற் பலர் வாங்கும் சம்பளத்திற்கும் மூலம் அதுவே. ஒரு சங்கம் இருபது வருஷம் விடாமல் பேசியும் எழுதியும் பயிற்சி அளித்தும் உழைத்ததன் பலனை நாம் அநுபவிக்கிறோம்.

வண்டியும் படகும்

இனி நம் கேள்விக்கு நெருங்கிய ஒரு செய்தி. 1931-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், நம் காவிரிப் பிரதேசத்து மன்னார்குடியில், கனகசபைப் பிள்ளை என்னும் பெரியார் ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். நெல் மூட்டையும் வைக்கோலும் ஏறிய வண்டியில் புத்தகம் ஏறிற்று. வாசகசாலைக்கு வரும்படி ஜனங்களை அழைப்பதற்குப் பதிலாக, வாசகசாலையே ஜனங்களின் வாசலுக்குச் சென்றது.

இவ்வெண்ணம் நம் பக்கத்திற்கு மாத்திரம் உரியதன்று. பரோடா சமஸ்தானத்தில் மகாராஜா சயாஜிராவ் கெயிக்வாட் 1910-இல் அமெரிக்காவிலிருந்து போர்டன் என்னும் நூலகரை வருவித்து நூலகங்களை அமைத்தார். அங்கே புத்தகங்கள் மரப் பெட்டிகளில் கிராமம் கிராமமாகச் சென்றன. ஆந்திர தேசத்தில் 1935-இல் கிருஷ்ணா நதியின் கால்வாய்களில் படகின்மேல் நூலகம் சென்றது. வண்டித் தடம் உள்ள இடத்தில் வண்டி. நீர் உள்ள இடத்தில் படகு. இவர்கள் யாவரும் கையில் இருந்ததைக் கொண்டு தொடங்கினார்கள் என்பதே நாம் அறிய வேண்டியது.

பெட்டியின் கணக்கு

புத்தகப் பெட்டித் திட்டம் மிகவும் எளியது. ஆறு கிராமங்களுக்கு ஆறு பெட்டிகள். பெட்டிக்கு 50 புத்தகங்கள். மாதத்திற்கு ஒரு முறை பெட்டிகளை வரிசையாக இடம் மாற்றுவோம். முதல் ஊரின் பெட்டி இரண்டாம் ஊருக்கும், இரண்டாம் ஊரின் பெட்டி மூன்றாம் ஊருக்கும் போகும். இவ்வாறு ஆறு மாதத்தில் ஒவ்வோர் ஊரும் 300 புத்தகங்களைக் கண்டுவிடும். 50 புத்தகங்களின் செலவில் 300 புத்தகங்களின் பயன் கிடைக்கும். ஊருக்கு ஓர் அலமாரி வைத்து நிரப்பினால் இந்த அநுகூலம் இல்லை. இரண்டு மாதத்தில் படிப்போர் எல்லாவற்றையும் படித்துவிடுவர், பிறகு அலமாரிக்குப் பூட்டு விழும்.

பெட்டிக்குள் எவை இருக்க வேண்டும்? நமக்குப் பிடித்தவற்றை அடுக்கி அனுப்புவது தவறு. முதலில் அவ்வூருக்குப் போய்க் கேட்க வேண்டும். சாகுபடி, கால்நடைகளின் நோய், குழந்தை வளர்ப்பு, உத்தியோகப் பரீட்சைகள் ஆகியவை பற்றிய நூல்கள் சில. நல்ல நாவல்களும் சரித்திரங்களும் சில. குழந்தைகளுக்குப் பெரிய எழுத்தில் படங்களோடு கூடியவை தாராளமாக. எழுத்தறியாத முதியோரும் பயனடையும்படி, வாரம் ஒரு மாலை ஒருவர் உரக்க வாசிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். ஈரமும் பூச்சியும் அணுகாதபடி பெட்டியைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வைத்து, உள்ளே காய்ந்த வேப்பிலையும் வசம்பும் இட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது சாவி. சாவி ஊரின் பெரிய மனிதரிடம் இருக்கலாகாது. மாலை வேளையில் வீட்டில் இருப்பவரிடம் இருக்க வேண்டும். தையற்காரரோ, பள்ளி ஆசிரியையோ, பெட்டிக்கடை வைத்திருக்கும் அம்மாளோ அதற்குத் தகுந்தவர். புத்தகம் தொலைந்தால் அபராதம் என்று அச்சுறுத்தினால் ஏழைகள் நெருங்கமாட்டார்கள். நூறு புத்தகம் படிக்கப்படும் இடத்தில் இரண்டு தொலையத்தான் செய்யும். படிக்கப்படாமல் கறையானுக்கு இரையாவதைவிட அது மேல்.

மறுப்புகளுக்குச் சமாதானம்

கட்டடம் வேண்டும் என்கிற நண்பர்களின் நியாயத்தை நான் உணராதவன் அல்லன். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் கூட்டம் நடத்துகிறோம். மழை வந்தால் கலைகிறோம். சங்கத்தின் பழைய நடவடிக்கைப் புத்தகங்கள் ஒவ்வொரு காரியதரிசியின் வீட்டிற்கும் குடிபெயர்ந்து, சில காணாமலும் போயின. சொந்த இடம் இருந்தால் பயிற்சி வகுப்பை ஒழுங்காக நடத்தலாம். இவை மெய்யே. ஆனால் சங்கத்திற்குக் கட்டடம் இல்லாததால் எந்தக் குழந்தையும் மூன்று தரம் வந்து ஏமாந்து திரும்பவில்லை. நாம் இன்னும் சில வருஷம் தாழ்வாரத்தில் கூடலாம். குழந்தைப் பருவமோ நமக்காகக் காத்திராது.

கைப்பேசி வந்துவிட்ட இக்காலத்தில் புத்தகப் பெட்டி எதற்கு என்று வேறு சிலர் கேட்கிறார்கள். கைப்பேசியை நான் இகழவில்லை. எதைத் தேட வேண்டும் என்று அறிந்தவனுக்கு அது பெரிய உதவி. அந்த அறிவும், ஒரு பக்கத்தைப் பொறுமையாக முடிவுவரை படிக்கும் பழக்கமும் சிறு வயதில் புத்தகத்தின் வாயிலாகவே எளிதில் வருகின்றன. தவிரவும், வீட்டில் இருக்கும் ஒரே கைப்பேசி பெரும்பாலும் தகப்பனாரோடு வேலைக்குப் போய்விடுகிறது.

சர்க்கார் செய்ய வேண்டிய வேலையை நாம் ஏன் செய்ய வேண்டும் என்றும் கேட்கக்கூடும். சென்னையில் 2010-இல் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறக்கப்பட்டன. அத்தகைய பெரிய நூலகங்கள் நம் தொழிலுக்குப் பெருமை. ஆயினும் கடைசிக் கிராமத்துக் கடைசித் தெருவரை சர்க்காரின் கை நீளுவதற்கு, அங்கே வாசகர் இருக்கிறார் என்பதை யாரேனும் முதலில் காட்ட வேண்டும். 1929-இல் பயிற்சிப் பள்ளியைச் சங்கம் முதலில் நடத்திக் காட்டிற்று. பின்னரே சர்வகலாசாலை ஏற்றது. அவ்வாறே நம் பெட்டி ஓர் ஊரில் ஒரு வருஷம் ஓடி, அதன் பதிவேட்டில் வாசகர்களின் கையெழுத்து நிறைந்தால், அப்பதிவேட்டையே விண்ணப்பமாக இணைத்து அவ்வூருக்கு ஒரு நூலகம் கேட்கலாம். வெறுங்கையோடு கேட்பதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

முடிவுரை

அங்கத்தினர்களே! சம்பள உயர்வுக்கும் பதவி உறுதிக்கும் சங்கம் பாடுபட வேண்டியதே. பகுதிநேரப் பணியாளர்களின் குறைகளை நான் நன்கு அறிவேன். அவற்றை எடுத்துச் சொல்வதை நாம் ஒருபோதும் நிறுத்தலாகாது. ஆனால் நமக்காக நாம் பேசும்போது பொதுஜனங்களும் நம்மோடு சேர்ந்து பேச வேண்டுமானால், அவர்கள் வாசலில் நம்மை அவர்கள் கண்டிருக்க வேண்டும்.

ஆகையால் கையிருப்பைக் கொண்டு ஆறு பெட்டிகளைச் செய்வித்து, வருகிற தை மாதத்திற்குள் அனுப்புவதென்றும், கட்டட நிதியைத் தனியே தொடங்குவதென்றும் தீர்மானம் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். அக்கட்டட நிதிக்கு என் சிறு காணிக்கையை இன்றே செலுத்துகிறேன். முதற் பெட்டி எவ்வூருக்குப் போக வேண்டும் என்று என்னைக் கேட்டால், அந்தப் பூட்டிய அலமாரி இருந்த ஊருக்கே என்பேன். அக்குழந்தை கதைப் புத்தகத்தை இந்நேரம் முடித்திருப்பாள், அடுத்ததற்குக் காத்திருப்பாள்.