மனநோய் மாத்திரை: எவ்வளவு காலம்? யார் முடிவு செய்வது?

(ரமலானுக்கு முன்பு நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



எங்கள் அறக்கட்டளைக்கு மருந்து உதவி கேட்டு வருபவர்களில் சர்க்கரைக்காரர்களும் ரத்தக் கொதிப்புக்காரர்களும் வாசலில் நின்றே பேசிவிடுவார்கள். மனநோய்க்கு மருந்து கேட்டு வருபவர்களோ கூட்டம் கலையும்வரை காத்திருந்து, சீட்டை மடித்து நீட்டுவார்கள். போகும்போது அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இன்னும் எத்தனை நாளைக்கு இதைச் சாப்பிடணும்?" அந்தக் கேள்வியை இன்று சபையில் வைத்தே பேசுவோம்.

காதில் யாரோ பேசுவது போலக் கேட்பது, தன்னைக் கொல்ல ஆள் வருகிறது என்று அசையாமல் நம்புவது, இரவெல்லாம் தூங்காமல் தனக்குள் பேசுவது. இத்தகைய நோய்க்கு மருத்துவர்கள் தருவது ரிஸ்பெரிடோன், ஒலான்சபின், ஹாலோபெரிடால் போன்ற மாத்திரைகள். சில நாட்களிலோ சில வாரங்களிலோ பலருக்கு நோய் அடங்கிவிடும். ஆனால் நோயே போய்விட்டதா, மாத்திரை அதைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று பார்த்த பார்வையில் சொல்ல முடியாது. குழப்பம் தொடங்குவது இங்கேதான்.

2012இல் லான்செட் மருத்துவ இதழில் 65 ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கணக்கு வந்தது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது 100க்கு 27 பேருக்கு. மருந்து நிறுத்தப்பட்டவர்களில் 64 பேருக்கு. இந்தக் கணக்கை இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். நிறுத்தினால் ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல். ஆனாலும் நிறுத்தியவர்களில் 36 பேருக்கு அந்த ஓராண்டில் நோய் வரவில்லை. நம் பிள்ளை அந்த 36 பேரில் ஒருவரா என்று முன்கூட்டிச் சொல்ல ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது.

அதனால் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது இதுதான்: முதல் முறை நோய் வந்து குணமானவர், குணமான பிறகும் குறைந்தது ஓரிரு ஆண்டுகள் மருந்தைத் தொடர வேண்டும். பலமுறை வந்தவருக்கு ஐந்து ஆண்டுகளும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். சிலருக்கு ஆயுள் முழுவதும் தேவைப்படலாம்.

மெல்ல மெல்லக் குறைத்தாலும் ஆபத்து அடியோடு நீங்குவதில்லை. இங்கிலாந்தில் 253 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், படிப்படியாகக் குறைத்தவர்களில் 100க்கு 25 பேர் இரண்டு ஆண்டுகளுக்குள் மருத்துவமனையில் சேரும்படி ஆனது. தொடர்ந்தவர்களில் அது 13 பேர். ஆனால் நெதர்லாந்தில் முதல் முறை நோய் வந்து தேறியவர்களை ஏழு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, தொடக்கத்தில் மருந்தைக் குறைத்துப் பார்த்தவர்களில் 40 சதவீதம் பேரும், அதே அளவில் தொடர்ந்தவர்களில் 18 சதவீதம் பேரும் வேலை, குடும்பம் என்று நல்லபடி நடமாடினார்கள். ஆக, எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. ஆளைப் பார்த்து, மருத்துவரோடு உட்கார்ந்து எடுக்க வேண்டிய முடிவு இது.

நம் வீடுகளில் அது எப்படி எடுக்கப்படுகிறது? பெண் பார்க்க வருகிறார்கள் என்று மாத்திரை டப்பா ஒளிக்கப்படுகிறது. விசாவுக்கு மெடிக்கல் என்று மருந்து நிற்கிறது. "அவன்தான் நல்லா இருக்கானே" என்று ஒரு மாமா சொன்னதும் நிற்கிறது. எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் துபாய் பயணத்துக்காக மகனின் மருந்தை வாப்பா நிறுத்தினார். இரண்டு மாதம் பையன் சுறுசுறுப்பாகத்தான் இருந்தான். நான்காம் மாதம் அங்கே அறையைப் பூட்டிக்கொண்டு சாப்பிட மறுத்தான். கூட இருந்தவர்கள் டிக்கெட் எடுத்து அனுப்பிவைத்தார்கள். நிறுத்தியதும் மறுநாளே நோய் வருவதில்லை. மாதங்கள் கழித்து வருகிறது. அதனால்தான் நாம் ஏமாந்துபோகிறோம்.

மறுபக்கமும் உண்டு. மாத்திரை சாப்பிடுபவர் சொல்வதை நாம் காதில் வாங்குவதில்லை. உடம்பு பெருக்கிறது, சர்க்கரை ஏறுகிறது, கை நடுங்குகிறது, பகலெல்லாம் தூக்கம், சில பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகிறது. இவை நிஜமான பக்கவிளைவுகள். "பேசாம சாப்பிடு" என்று அதட்டினால் அவர் நாக்கின் அடியில் வைத்திருந்து துப்பிவிடுவார். மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைக்கலாம், வேறு மருந்து தரலாம். நம் மஹல்லாவில் ஒரு சகோதரி தன் சிரமத்தைத் தானே மருத்துவரிடம் சொன்னார். ஓராண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டு, சிறிது சிறிதாக அளவு குறைக்கப்பட்டது. இன்று இரவில் ஒரு சிறிய மாத்திரையோடு தையல் வேலை பார்க்கிறார்.

ஆகவே குறைப்பது பற்றிப் பேசும் நாளில் நோயாளியும் அந்த அறையில் இருக்கட்டும். கல்யாணம், பிரசவம், பரீட்சை, வெளிநாட்டுப் பயணம் நெருங்கும் நேரத்தில் குறைக்க வேண்டாம். போனமுறை நோய் வருவதற்கு முன் என்னென்ன மாற்றம் தெரிந்தது என்று எழுதி வையுங்கள். பலருக்குத் தூக்கம்தான் முதலில் கெடும். அது தெரிந்த அன்றே மருத்துவரிடம் போங்கள்.

ரமலான் வருகிறது. நோயாளிக்கு மார்க்கம் சலுகை கொடுத்திருக்கிறது. நோன்பு வைக்க விரும்புபவர் மருத்துவரிடம் இப்போதே கேட்டால், மாத்திரை நேரத்தை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையில் பலருக்கு மாற்றித் தர முடியும். கேட்காமல் ஒரு மாதம் மருந்தை விடுவதுதான் ஆபத்து.

ஓதிப் பார்ப்பதை நாங்கள் தடுக்கவில்லை. துஆவும் நடக்கட்டும், மருந்தும் நடக்கட்டும். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையிலேயே மனநோயாளிகளுக்குத் தனிப்பகுதி இருந்தது. மருந்தை விட்டுச் சங்கிலியை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஏர்வாடியை நாம் மறக்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி உயிரிழந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவது குற்றம்.

செலவுக்காக யாரும் மருந்தை நிறுத்த வேண்டாம். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மருந்து இலவசம். அங்கே கிடைக்காத மருந்துக்குச் சீட்டோடு எங்களிடம் வாருங்கள். பெயர் வெளியே போகாது. அவசரத்தில் பேச, 14416 என்ற அரசு எண்ணில் இரவும் பகலும் தமிழில் ஆலோசனை கிடைக்கும்.

அடுத்த முறை சீட்டை மடிக்காமலே கொண்டு வாருங்கள். அல்லாஹ் நம் நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.