மேசைமேல் ஒரு போர்க்களம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

புலவர் பெருமக்கள் நின்று பேசிய இம்மேடையில், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ரெயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் என்னையும் பேசுமாறு நம் செயலாளர் பணித்திருக்கிறார். இலக்கியம் பேச எனக்குத் தகுதியில்லை. சமயம் பேசத் துணிவில்லை. என் மகனிடமிருந்து நான் கற்றுக்கொண்ட ஒரு விளையாட்டைப் பற்றியே பேசப்போகிறேன். சின்னஞ்சிறு பொம்மைப் போர்வீரர்களைச் சேர்த்து, வர்ணம் தீட்டி, மேசைமேல் அணிவகுத்து ஆடும் விளையாட்டு அது.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், மகனுக்குத் தேர்வு நெருங்கிய சமயம். நான் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது புத்தகம் மூடிக் கிடந்தது. பழைய செய்தித்தாளை விரித்து, இரண்டங்குல உயரமுள்ள பிளாஸ்டிக் வீரர்களை நிறுத்திவைத்து, ஒருவனுடைய சட்டைக்குச் சிவப்பு வர்ணம் பூசிக்கொண்டிருந்தான் பையன். எனக்கு வந்த கோபத்தில் அத்தனை பேரையும் அந்தத் தாளிலேயே சுருட்டிக் கொண்டுபோய்க் காலனி முனையிலுள்ள குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டேன். அவன் அழவில்லை. “நாளைக்கு அவங்களுக்குக் கொடி செய்யலாம்னு இருந்தேன், அப்பா” என்று மட்டும் சொன்னான். மறுநாள் காலையில் மனம் கேளாமல் போய்ப் பார்த்தேன். குப்பை வண்டி அதற்குள் வந்து போயிருந்தது.

என் மனைவி கேட்ட கேள்வி அதைவிடச் சுட்டது. “நவராத்திரிக்கு மூக்குடைந்த செட்டியார் பொம்மைக்கு நீங்கள் ராத்திரி முழுவதும் உட்கார்ந்து வர்ணம் பூசினீர்களே, அது பக்தி; பிள்ளை பூசினால் வீண்வேலையா?” என்றாள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

சில வாரங்கள் சென்றபின், எங்கள் ரெயில்வே இன்ஸ்டிடியூட் நூலகத்தில், அட்டை கிழிந்த ஓர் ஆங்கில நூல் கையில் அகப்பட்டது. ‘கால இயந்திரம்’ எழுதிப் புகழ்பெற்ற எச். ஜி. வெல்ஸ் 1913-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சின்னப் போர்கள்’ என்னும் நூல் அது. உலகமே மதித்த எழுத்தாளர், நாற்பத்தாறு வயதில், தரையில் முழங்காலிட்டுப் பொம்மை வீரர்களோடு ஆடியிருக்கிறார்! ஏறக்குறைய என் வயதுதான். அந்த நூலை இரவோடிரவாகப் படித்து முடித்தேன்.

பொம்மை வீரர்களின் வரலாறு நீண்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நூரென்பர்க் நகரத்துக் கைவினைஞர்கள் வெள்ளீயத்தை உருக்கி, தட்டையான வீரர்களை வார்த்து விற்றனர். 1893-இல் இலண்டன் மாநகரில் வில்லியம் பிரிட்டன் என்பவர் ஒரு புதிய முறையைக் கையாண்டார். உருக்கிய ஈயக்கலவையை அச்சில் ஊற்றி, ஓரம் மட்டும் உறைந்ததும் நடுவிலுள்ளதை வெளியே கொட்டிவிடுவார். பொம்மை உள்ளீடற்றதாக இருக்கும். எடையும் குறையும், விலையும் குறையும். அதனால் செல்வர் வீட்டுப் பொருள் எளியவர் வீட்டுக்கும் வந்தது. ஈயம் நஞ்சு என்பதால் அந்த நிறுவனம் 1966-இல் ஈயப் பொம்மைகளைக் கைவிட்டது. யார் வீட்டுப் பரணிலாவது பழைய ஈயப் பொம்மை இருந்தால் குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்டத்தின் வேரோ நம் நாட்டில் இருக்கிறது. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நாற்படையைக் கொண்டதால்தான் சதுரங்கத்துக்கு அப்பெயர். அது பாரசீகம் வழியாக ஐரோப்பா சென்றது. 1780-இல் ஜெர்மானியராகிய ஹெல்விக் அந்தப் பலகையைப் பெரிதாக்கி, ஆறும் மலையும் சேர்த்து ஒரு போர்ச் சதுரங்கம் அமைத்தார். 1812-இல் ரைஸ்விட்ஸ் என்பவர் பிரஷ்ய மன்னருக்கு ஒரு போர் விளையாட்டு மேசையையே செய்து அளித்தார். படை அதிகாரியாகிய அவருடைய மைந்தர் அதனை நிலப்படம், பகடை, நடுவர் ஆகியவற்றோடு செம்மைப்படுத்தி 1824-இல் விதிநூலாக வெளியிட்டார். பிரஷ்யப் படையதிகாரிகள் அதனைப் பயிற்சியாகவே மேற்கொண்டனர்.

வெல்ஸ் செய்தது இதற்கு நேர்மாறான காரியம். படைவீட்டுக்குப் போன விளையாட்டை மீண்டும் பிள்ளைகளிடம் கொண்டுவந்து சேர்த்தார். அவருடைய விதிகள் எளியவை. காலாட்படை ஒரு முறைக்கு ஓரடி நகரலாம். குதிரைப்படை இரண்டடி நகரலாம். மரக்குச்சியைக் குண்டாக எறியும் வில் பீரங்கி ஒரு முறைக்கு நான்கு குண்டு சுடலாம். ஆனால் அருகே நான்கு வீரர்களாவது இருந்தால்தான் சுடலாம். நகர்த்துவதற்குக் கடிகாரம் பார்த்து நேரம் உண்டு. இந்த விதிகளைக் காக்கப் போலீஸ் இல்லை, அபராதம் இல்லை. எதிரே இருப்பவன் திரும்பிப் பார்க்கும்போது அரை அங்குலம் தள்ளிவைத்தால் யாருக்கும் தெரியாது. தெரியாது என்று அறிந்தும் தள்ளாதிருப்பதே இந்த விளையாட்டின் முழுப் பாடம் என்று நான் கருதுகிறேன்.

இதனால் படிப்புக் கெடாதா என்று கேட்பீர்கள். 1826-இல் இங்கிலாந்தில் ஹாவொர்த் என்னும் சிற்றூரின் பாதிரியார் பிரான்ட்டி, தம் மகனுக்காக லீட்ஸ் நகரிலிருந்து பன்னிரண்டு மர வீரர்களை வாங்கிவந்தார். அவனும் அவன் சகோதரியர் மூவரும் ஆளுக்கொரு வீரனைத் தேர்ந்து பெயரிட்டனர். அவ்வீரர்களுக்காக நாடுகளைப் படைத்தனர். அவர்கள் படிக்கத் தக்க அளவில், எறும்பு போன்ற எழுத்தில், உள்ளங்கையில் அடங்கும் புத்தகங்களை எழுதினர். அச்சகோதரியர் வளர்ந்து 1847-இல் வெளியிட்டவையே ‘ஜேன் அயர்’, ‘வுதரிங் ஹைட்ஸ்’ என்னும் அழியாப் புதினங்கள். பொம்மை வாங்கித் தந்தால் எல்லாப் பிள்ளைகளும் இலக்கியம் படைப்பார்கள் என்று நான் சொல்லவரவில்லை. அந்தத் தந்தை அன்று குப்பைத்தொட்டியைத் தேடிப் போகவில்லை என்பதையே சொல்கிறேன்.

இனி, யான் மிகவும் எண்ணிப் பார்த்த ஐயத்துக்கு வருகிறேன். போரை விளையாட்டாக்கினால் பிள்ளைகளுக்குப் போர்மீது ஆசை பிறக்காதா? வெல்ஸ் தம் நூலின் முடிவில், உண்மைப் போரின் அறிவின்மையைக் கண்டித்து, அதற்கு மாற்றாகத் தம் சின்னப் போரைக் காட்டினார். மறு ஆண்டே, 1914-இல், முதல் உலகப் போர் மூண்டது. அவர் சொல் எடுபடவில்லை என்று சிலர் நகைக்கலாம். இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையில் பணியாற்றிய டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் என்ற ஆங்கிலேயர், 1962-இல் ‘போர் விளையாட்டுகள்’ என்னும் நூலை எழுதி இக்கலைக்குப் புத்துயிர் ஊட்டினார். உண்மைப் போரைக் கண்டு திரும்பியவர் பொம்மைப் போரை வெறுக்கவில்லை. ஏன் என்பதை நம் காலனியில்தான் நான் அறிந்துகொண்டேன்.

மகனுக்குப் புதிய வீரர்களை வாங்கித் தந்து, மன்னிப்பும் கேட்டு, அவனோடு ஆட உட்கார்ந்தேன். அடுத்த குவார்ட்டர்ஸில் தம் மகனோடு வசிக்கும் ஓய்வுபெற்ற சுபேதார் ஐயாவை நடுவராக இருக்க வேண்டினோம். மூன்று மணி நேரம் வாய் திறவாமல் இருந்து தீர்ப்பு வழங்கினார். நான் தோற்றேன். பையன் விழுந்த வீரர்களை ஒவ்வொருவராகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினான். அதனைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், “இந்தச் சண்டையில விழுந்தவன் எல்லாம் ராத்திரி வீடு திரும்பிடறான், சார். இப்படி ஒரு சண்டை போதும்” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு எழுந்துபோனார். நானும் மகனும் வெகுநேரம் பேசிக்கொள்ளவில்லை.

வர்ணம் தீட்ட விரும்பும் பிள்ளைகளுக்கு இரண்டு சொல். பொம்மையை முதலில் சோப்பு நீரில் கழுவிக் காயவையுங்கள். எண்ணெய்ப் பசை போனால்தான் வர்ணம் ஒட்டும். மெல்லிய அடிப்பூச்சு ஒன்று கொடுத்து, அது உலர்ந்தபின் வர்ணத்தை நீர்க்கக் கரைத்து இருமுறை பூசுங்கள். ஒரே பூச்சில் முடிக்க எண்ணினால் முகம் அப்பிப்போகும். கண்ணைக் கடைசியில், மூச்சை அடக்கி, ஊசிமுனையால் வையுங்கள். தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் வேண்டாம். ஒரு வீரனை முடிக்க ஒரு மாலை ஆகும். என் மகனுக்குக் கணக்கில் இல்லாத பொறுமை இதில் வந்தது. பிறகு மெல்ல மெல்லக் கணக்கிலும் வந்தது.

பெரியோர்களே! இடமாற்ற உத்தரவு வந்தால் மூட்டை கட்டிப் புறப்படும் குடும்பங்கள் நாம். நம் பிள்ளைகள் பள்ளியை மாற்றுகிறார்கள், மொழியை மாற்றுகிறார்கள், நண்பர்களை இழக்கிறார்கள். ஒரு பிஸ்கட் டப்பாவில் அடங்கும் இச்சிறு படை எந்த ஊருக்கும் அவர்களோடு வரும். எந்த ஊரிலும் எதிரே உட்கார ஒரு நண்பனைத் தேடித் தரும். ஆகவே என் விண்ணப்பம் ஒன்றே: ஞாயிறு மாலைகளில் நம் சங்க நூலகத்தின் பெரிய மேசையைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுங்கள். விதிகளைச் சொல்லிக்கொடுக்க என் மகன் வருவான். தோற்றுக்காட்ட நான் வருகிறேன்.