நலம் பெற்றார் என்பதை அளப்பது எப்படி?
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

காய்ச்சல் தணிந்ததா என்பதை வெப்பமானி சொல்லிவிடும். ஆனால் பக்கவாதத்தால் கைகால் தளர்ந்தவர், முதுகுத்தண்டில் அடிபட்டவர், தலைக்காயத்தால் நினைவு குலைந்தவர் ஆகியோர் மறுவாழ்வுச் சிகிச்சை பெற்று வீடு திரும்புங்கால், அவர் எவ்வளவு தேறினார் என்பதை எதைக் கொண்டு அளப்பது? இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

1965ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் மகோனி என்னும் மருத்துவ அம்மையாரும், பார்தெல் என்னும் பிசியோதெரபி அம்மையாரும் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். பார்தெல் அளவுகோல் என்று உலகெங்கும் வழங்கும் அதில் பத்தே இனங்கள் உள்ளன. உண்ணுதல், குளித்தல், முகம் கழுவித் தலைவாருதல், உடுத்துதல், மலத்தை அடக்குதல், சிறுநீரை அடக்குதல், கழிப்பறையைப் பயன்படுத்துதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், நடத்தல், படியேறுதல் என்பன அவை. அனைத்தையும் பிறர் துணையின்றிச் செய்பவர் 100 மதிப்பெண் பெறுவார். சில நிமிடங்களில் அளந்துவிடலாம். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. அது நெடுங்காலம் நிலைத்ததற்கு இந்த எளிமையே காரணம்.

ஆயினும் 100 பெற்றவர் தனித்து வாழ வல்லவர் என்று கொள்ளலாகாது. அவர் சமைக்கவும் வீட்டை நடத்தவும் இயலாதவராக இருக்கலாம் என்பதை அதனை ஆக்கியோரே எடுத்துரைத்தனர். பேச்சையும் நினைவாற்றலையும் பற்றி அது ஒன்றும் கேட்பதில்லை. குறைந்த மதிப்பெண்ணும் முழு உண்மையைச் சொல்லாது. வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த மோட்டார் விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தார். படியேறுதல் என்னும் இனத்தில் அவருக்குக் கிடைப்பது சுழியமே. அவரோ சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். 1966இல் வேலூரில் எழுந்த மறுவாழ்வு நிலையத்திற்கு மூலகாரணராகவும் விளங்கினார். அந்த வாழ்வை எந்த எண்ணில் அடக்குவோம்?

மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நோயாளியால் எது இயலும் என்பது வேறு. நாள்தோறும் அவர் எதைச் செய்கிறார் என்பது வேறு. மருத்துவமனையில் தாமே உண்ணக் கற்ற முதியவருக்கு, வீட்டிலே மகள் அன்பினால் ஊட்டிவிடுகிறாள். கற்ற திறன் சில மாதங்களில் தேய்ந்துபோகிறது. ஆதலின் வீடு திரும்பும் நாளில் அளந்தால் மட்டும் போதாது. சில மாதங்கள் கழித்து, அவர் வாழும் வீட்டின் நிலையையும் கேட்டு, மீண்டும் அளத்தல் வேண்டும்.

மருத்துவமனைகளை ஒப்பிடுவோரும் எச்சரிக்கையாக இருத்தல் நன்று. எளிய நோயாளிகளையே சேர்த்துக்கொள்ளும் நிலையத்தின் எண்கள் எப்போதும் அழகாகவே இருக்கும். மேலும், பக்கவாதத்திற்குப் பின் முதல் சில மாதங்களில் உடல் இயல்பாகவே ஓரளவு தேறும். அத்தேற்றம் முழுவதும் சிகிச்சையின் வெற்றி ஆகாது. வந்தபோது இருந்த நிலையைக் குறிக்காமல், போகும்போது உள்ள எண்ணை மட்டும் காட்டுவது முதலைச் சொல்லாமல் வருவாயைச் சொல்லும் வணிகரின் கணக்கைப் போன்றதாகும்.

அவ்வாறாயின், யாருடைய விருப்பத்தை அளப்பது? 1968இல் கிரசுக், ஷெர்மன் என்னும் இருவர் மனநலப் பணிகளுக்கென ஒரு முறையை வகுத்தனர். பின்னர் மறுவாழ்வு மருத்துவமும் அதை ஏற்றுக்கொண்டது. தொடக்கத்திலேயே நோயாளியுடன் கலந்து குறிக்கோளை வரையறுக்கிறார்கள். எதிர்பார்த்தபடி எய்தினால் சுழியம்; விஞ்சினால் 1 அல்லது 2; குறைந்தால் கழித்தல் 1 அல்லது 2. ஒருவருக்குக் கோயிலுக்கு நடந்து போக வேண்டும். மற்றொருவருக்குக் கடையில் கணக்கெழுத வேண்டும். இரண்டும் அளவுக்குள் வந்துவிடுகின்றன.

இங்கேதான் நம் சங்கத்திற்கும் ஒரு கடமை உண்டு. பிற மாநிலத்தில் வாழும் நம்முள், தமிழையன்றி வேறு மொழி அறியாத முதியோர் பலர். பேச்சையும் நினைவையும் அவர்களுக்கு விளங்காத மொழியில் சோதித்தால், மொழியறியாமை நோயாகக் கணக்கிடப்படும். பல மொழி அறிந்தவருக்கும் எல்லா மொழிகளும் ஒரே வேகத்தில் மீள வேண்டும் என்பதில்லை. ஆகவே, நோயாளி எந்த மொழியில் வாழ்ந்தார் என்பதை மருத்துவரிடம் முதல் நாளிலேயே சொல்லுங்கள். இரு மொழியும் வல்ல உறுப்பினர் ஒருவர் சோதனையின்போது உடனிருக்கட்டும். அவர் வினாவை மொழிபெயர்க்கட்டும். விடையை எடுத்துக் கொடுக்காதிருக்கட்டும். பரிவினால் சொல்லித்தரும் விடை அளவைப் பொய்யாக்கும். பொய்யான அளவு தக்க சிகிச்சையைத் தடுக்கும்.

அளவுகோல் வேண்டியதே. அளவின்றி நடத்தும் சிகிச்சை கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதாகும். ஆனால் எண்ணை எழுதும் கை, அந்த எண்ணுக்குரிய மனிதரிடம் அவர் மொழியிலேயே ஒரு முறை கேட்க வேண்டும்: "ஐயா, நீங்கள் மீண்டும் எதைச் செய்ய விரும்புகிறீர்கள்?" அக்கேள்வியிலிருந்தே உண்மையான அளவு தொடங்குகிறது.