செங்கோலும் பதினேழாம் பிரிவும்



காட்டுப்பள்ளியிலிருந்து தில்லிக்குப் போன நாங்கள், பழைய நாடாளுமன்றத்தின் மைய மண்டபத்தில் நின்றோம். ஆங்கிலேய மன்னராட்சிக்காக 1927இல் திறக்கப்பட்ட கட்டடம். அங்கேதான் 1949 நவம்பர் 26 அன்று மக்களின் பெயரால் அரசியலமைப்பு ஏற்கப்பட்டது. அந்த அவையில் இருந்த ஒரே தலித் பெண் தாட்சாயணி வேலாயுதன். தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு அங்கே நிறைவேறியது 1948 நவம்பர் 29 அன்று.

பிரெஞ்சு மக்கள் அரசனின் தலையை வெட்டினார்கள். அம்பேத்கர் குறிவைத்தது பிறப்பால் வரும் அதிகாரத்தை. முடியாட்சிக்கும் சாதிக்கும் வேர் அது ஒன்றுதான். அரசியலில் சமத்துவம், வாழ்க்கையில் ஏற்றத்தாழ்வு என்ற முரண் நீடித்தால் ஜனநாயகமே தகரும் என்று 1949 நவம்பர் 25 அன்று அவர் எச்சரித்தார்.

நேபாளம் 2008 மே 28 அன்று மன்னராட்சியை ஒழித்தது. அதே மே 28இல், 2023ஆம் ஆண்டு, நம் புதிய நாடாளுமன்றத்தில் சபாநாயகர் இருக்கைக்கு அருகே செங்கோல் நிறுவப்பட்டது. குடியரசில் செங்கோலுக்கு என்ன வேலை?

துறைமுகம் வந்தும் இங்கே ஊர் வேறு, சேரி வேறு. நவம்பர் 26தோறும் சேரித் தெருவில் பதினேழாம் பிரிவை உரக்க வாசிப்போம். மீறல் நடந்தால் வழக்குப் பதியும்வரை காவல் நிலையத்தை விட்டு நகர மாட்டோம்.

ஜெய்பீம்!