அரிவாள் செல் சோகை என்னும் வியாதி



மலையடிவாரத்தில் நடந்த கூட்டம் முடிந்ததும் ஒரு தாய் எங்களிடம் வந்தார். "ரெண்டு பசங்களுக்கும் மூட்டு மூட்டா வலிங்க, கண்ணு மஞ்சளா இருக்குதுங்க. என்ர வயித்துக் கோளாறுன்னு மாமியா சொல்லுதுங்க. நெசந்தானுங்களா?" என்று கேட்டார். அன்று எங்களுக்குப் பதில் தெரியவில்லை. பிறகு மருத்துவர்களிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறோம்.

இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவது ஹீமோகுளோபின். நாம் இழுக்கும் பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்லும் கூலியாள் அதுதான். அதன் ஒரு பகுதியை எப்படிச் செய்யவேண்டும் என்ற விதி, 11-வது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் அடங்கியிருக்கிறது. அந்த விதிப்படி 146 கண்ணிகள் கோக்கப்பட்டு ஒரு சங்கிலி உண்டாகிறது. ஆறாவது கண்ணி மட்டும் மாறினால் என்ன ஆகும்? பாவில் ஒரு இழை மாறினால் துணி நெடுகக் கோடு விழும் என்பது தறி ஓட்டும் தோழர்களுக்குத் தெரியும். இங்கும் அப்படித்தான். பிராணவாயுவை இறக்கிவிட்டதும் ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துக்கொள்கிறது. வட்டமாயிருந்த இரத்த அணு, அறுப்புக்குக் கொண்டுபோகும் கருக்கரிவாள் போல வளைகிறது. சிறு இரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. உயிர் போகும் வலி. 120 நாள் இருக்கவேண்டிய அணு 10, 20 நாளில் அழிகிறது. ஆகவே சோகை, மஞ்சள் கண். கண்ணி மாறியதை 1957-இல் விளக்கியவர் வெர்னன் இங்கிராம் என்ற விஞ்ஞானி.

இந்த மரபணு தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வருகிறது. ஒன்று மட்டும் மாறியிருந்தால் பெரும்பாலும் வியாதி இல்லை. மலேரியாவில் சாகாமல் ஓரளவு காப்பும் உண்டு. மலேரியா மண்டிய காட்டுப் பகுதிகளில் இது நிலைத்ததற்குக் காரணம் அதுவே. நீலகிரி மலைவாழ் மக்களிடம் இது இருப்பதை 1952-இல் லேமன், கட்புஷ் ஆகியோர் கண்டறிந்தனர். மாறிய மரபணு இருவரிடமும் ஒவ்வொன்று இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வியாதி வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமியாருக்கு நாம் சொல்லவேண்டிய பதில்: அவர் மகனின் பங்கும் இதில் சரிபாதி!

இரத்தப் பரிசோதனையிலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்து வலி வருவதைக் குறைக்கிறது. மரபணுவையே திருத்தும் சிகிச்சைக்கு அமெரிக்காவில் 2023-இல் அனுமதி கிடைத்தது. அறிவித்த விலை ஒரு நோயாளிக்கு 22 லட்சம் டாலர்! எத்தனை தலைமுறைக் கூலி அது, கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் நாட்டில் மத்திய அரசு அதே ஆண்டு தொடங்கிய திட்டத்தில், பழங்குடிப் பகுதிகளில் 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதாக அறிவித்தது. அந்தப் பரிசோதனை கடைசிக் குடிசை வரை வந்ததா என்று ஊர் ஊராகக் கேட்பது நம் வேலை.

அந்தப் பிள்ளைகளுக்கு இருப்பது இந்த வியாதிதானா என்பதைப் பரிசோதனைதான் சொல்லவேண்டும். வரும் வாரம் தாயையும் தகப்பனையும் பிள்ளைகளையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறோம். மாமியாரும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.