தீம் பார்ட்டியில் பெரியம்மா



கல்யாணப் பத்திரிகை வீடு வந்து சேர்வதற்கு முன்பே இப்போதெல்லாம் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்துவிடுகிறது. ஹல்திக்கு மஞ்சள், மெஹந்திக்குப் பச்சை, சங்கீத்துக்கு எண்பதுகளின் ரெட்ரோ. அலுவலகங்களிலும் ஆண்டு விழா என்றால் ஒரு தீம் உண்டு. குழுவில் எல்லோரும் இருபத்தைந்து, முப்பது வயதுக்காரர்கள். நடுவில் ஐம்பத்தைந்து வயதில் ஒருவர். செய்தியைப் படித்துவிட்டு அவர், “எனக்கு எதுக்கும்மா இதெல்லாம், நான் எப்பவும்போல வந்துடறேன்” என்று பதில் அனுப்பிவிடுகிறார்.

அந்தப் பதிலை அனுப்பாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன். தையல் வகுப்பு நடத்துகிறவள் நான். அத்தை, சித்தி, பெரியம்மா என்ற உறவுகளில் இருக்கிற பெண்கள் தீமுக்கு என்ன உடுத்துவது என்ற கேள்வியோடு துணியை எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். அலுவலகத்தில் ‘மேடம்’ என்று அழைக்கப்படுகிறவர்களும் வருகிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் உங்களிடமும் சொல்லப்போகிறேன்.

தீம் என்றதும் நம் வயதுக்காரர்கள் பெரும்பாலும் ஒதுங்கிவிடுகிறார்கள். எல்லோரும் மஞ்சளில் நிற்கும் படத்தில் ஓரமாக ஒரு பழுப்பு நிறக் காட்டன் புடவை தெரியும். சிலர் இதற்கு நேர்மாறாகப் போகிறார்கள். மகளின் லெஹங்காவை இடுப்பில் பிரித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு, மாலை முழுவதும் துப்பட்டாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருப்பார்கள். லெஹங்காவோ கையில்லாத ஜாக்கெட்டோ கூடாது என்று நான் சொல்லமாட்டேன். முப்பது வருடமாகக் கையில்லாத ஜாக்கெட் போட்டு வருகிற பெண்மணி எழுபது வயதிலும் அதில் கம்பீரமாகத்தான் இருப்பார். உடம்புக்குப் பழக்கமில்லாத ஒன்றை ஒரே ஒரு மாலைக்காக அதன்மேல் ஏற்றும்போதுதான் நம் நடையே மாறிப்போகிறது.

எனக்கு இந்த விஷயத்தில் பிடித்த முன்மாதிரி பாடகி உஷா உதுப். 1947ல் மும்பையில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அறுபதுகளின் இறுதியில் சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த ஒரு இரவு விடுதியில் பாடத் தொடங்கினார். அந்த மாதிரி மேடையில் பாடகி என்றால் பளபளக்கும் கவுன்தான் என்று எல்லோரும் எதிர்பார்த்த காலம். அவர் புடவை கட்டிக்கொண்டு ஏறி, ஆங்கிலப் பாட்டுகளைப் பாடினார். அந்தப் புடவையே அவருடைய அடையாளமாகிவிட்டது. 2024ல் பத்மபூஷண் விருது பெற்றபோது அவருக்கு வயது எழுபத்தாறு. இன்றும் அவர் முன்னால் ஆடுகிற கூட்டத்தில் பலர் பேரப்பிள்ளை வயதில் இருக்கிறார்கள். காஞ்சிப் பட்டு, பெரிய பொட்டு, தலை நிறையப் பூ. காலில் மட்டும் ரப்பர் அடிப்பாகம் வைத்த ஷூ. அதன் மேல்பாகத்திலும் காஞ்சிப் பட்டுத் துணியே வைத்துத் தைத்திருக்கும். நீண்ட நேரம் நின்று பாட வேண்டிய கால்களுக்கு என்ன தேவையோ அதைக் கொடுத்திருக்கிறார், புடவையின் அழகும் குறையவில்லை. நம் வயதில் உடை தேர்ந்தெடுக்கும் ஒவ்வொருவரும் அந்த ஷூவை ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இனி ரெட்ரோவுக்கு வருவோம். எண்பதுகள் என்று தீம் வைத்தால் உண்மையில் நம் கைதான் ஓங்கியிருக்கிறது. இளைஞர்கள் இணையத்தில் பார்த்து, பெல்பாட்டமும் பெரிய புள்ளி போட்ட சட்டையும் தலையில் ரிப்பனுமாக வருவார்கள். அந்தப் புள்ளிகளையும் பெல்பாட்டத்தையும் பெரிதாகப் பரப்பியது எழுபதுகள். அந்தப் புள்ளிச் சட்டையைப் பிரபலமாக்கிய இந்திப் படம் ‘பாபி’ வந்தது 1973ல். நம் ஊர் எண்பதுகள் வேறு மாதிரி. 1985ல் ‘பூவே பூச்சூடவா’ படம் வந்ததும், அதில் நடித்த நதியாவின் பெயரில் வந்த நதியா கம்மல் கேட்டுப் பெண்கள் கடை கடையாக ஏறினார்கள். வெள்ளிக்கிழமை மாலையானால் ‘ஒளியும் ஒலியும்’ பாட்டு நிகழ்ச்சி பார்க்கத் தொலைக்காட்சி இருக்கும் வீட்டில் தெருவே கூடும். செய்தி வாசிக்க வரும் ஷோபனா ரவி இன்று என்ன புடவை கட்டியிருக்கிறார் என்று பார்ப்பதற்காகவே அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த பெண்கள் ஏராளம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கச் சொல்வேன். இன்று ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர் 1985ல் பாவாடை தாவணியில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பார். ரெட்ரோ என்றதும் அந்த ரெட்டைப் பின்னலும் தாவணியும்தான் அவர் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அதே 1985ல் ஐம்பத்தைந்து வயதுப் பெண்களும் இருந்தார்களே! உங்கள் தலைமை ஆசிரியை இருந்தார். வங்கியில் கணக்குப் பார்த்த அம்மா இருந்தார். அவர்களும் எண்பதுகள்தான். அந்தப் பத்து வருடத்தை இளையவர்களுக்கு மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

அந்த வங்கி அம்மாவைக் கண்முன் கொண்டுவந்து பாருங்கள். கஞ்சி போட்டு மொடமொடவென்று நிற்கும் ஃபுல் வாயில் புடவை. முந்தானையை மடித்து, தோளில் ஊக்குக் குத்தியிருப்பார். முழங்கைக்குச் சற்று மேலே முடியும் கை வைத்த ஜாக்கெட். இடது மணிக்கட்டின் உட்பக்கம் முகம் திரும்பியிருக்கும் சின்ன எச்.எம்.டி. கைக்கடிகாரம். பெங்களூரில் 1961ல் தயாரிக்கத் தொடங்கிய அந்தக் கடிகாரம் இன்னமும் பல வீட்டுப் பீரோக்களில் ஓடாமல் கிடக்கிறது. ஓட வேண்டியதும் இல்லை, கையில் இருந்தால் போதும். பெரிய சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி, கழுத்தை ஒட்டிய கொண்டை, அதில் ஒரு முழம் கனகாம்பரம். இப்படி ஒருவர் சங்கீத் மேடைப் பக்கம் நடந்து வந்தால், பார்க்கிற கண்களெல்லாம் அங்கேதான் திரும்பும். பெல்பாட்டம் போட்ட பிள்ளைகளே வந்து பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

அம்மாவின் பழைய புடவையையே எடுத்துக் கட்டலாமா என்று கேட்பார்கள். நைலெக்ஸ் என்றால் தாராளமாகக் கட்டலாம்; அந்தத் துணி எளிதில் கெடாது. பழைய பட்டு என்றால் முதலில் முழுவதும் விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஆண்டுக்கணக்காக ஒரே மடிப்பில் இருந்த பட்டு, மடித்த இடத்திலேயே விட்டுப்போயிருக்கும். கொசுவம் வைத்து நாலு அடி நடப்பதற்குள் கிழிந்துவிடும்.

புகழ் பெற்ற ஒருவரைப் போல வர வேண்டும் என்பது இன்னொரு தீம். இதில் வயது நமக்கு வரம். நரைத்த தலைக்காக இளைஞர்கள் பவுடர் கொட்டிக்கொள்கிறார்கள். நமக்கு அது இயல்பாகவே இருக்கிறது. இந்திரா காந்தியின் நெற்றியிலிருந்து பின்னோக்கிப் போன அந்த வெள்ளைக் கற்றை உங்கள் தலையில் இருந்தால், ஒரு கைத்தறிப் புடவையும் முழங்கை வரை மூடும் ஜாக்கெட்டும் போதும், வேறு ஒப்பனை வேண்டாம். எம்.எஸ். சுப்புலட்சுமியாக வர விரும்பினால் இரண்டு பக்கமும் மூக்குத்தி, கொண்டையைச் சுற்றி மல்லிகை, அந்த நீலப் பட்டு. காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் அவருக்காகச் சாயம் காய்ச்சி உருவாக்கிய நீலம் அது. இன்றும் கடையில் எம்.எஸ். ப்ளூ என்று கேட்டால் எடுத்துப் போடுவார்கள். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அதைவிடப் பாந்தமான நீலத்தை நான் பார்த்ததில்லை.

எந்தத் தீம் ஆனாலும் நம் வயதில் அழகைத் தீர்மானிப்பது ஜாக்கெட்தான். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

தையல்காரரிடம் போனால் நாம் என்ன செய்கிறோம்? அளவு ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்துவிட்டு வருகிறோம். அந்த அளவு ஜாக்கெட் எந்த வருடத்தில் தைத்தது என்று யாரும் கேட்பதில்லை. இடுப்பில் இரண்டு தையல் பிரித்துவிட்டு அதையே அளவாக வைத்துக்கொண்டிருக்கிறோம். மாறியிருப்பது இடுப்பு மட்டும் இல்லை. வயது ஏற ஏறத் தோள் சற்று முன்னால் வளைகிறது. அதனால் முதுகுப் பக்கம் துணி நீளமாக வேண்டும், முன்பக்கம் குறைவாக வேண்டும். பழைய அளவிலேயே தைத்தால் பின்பக்கம் மேலே ஏறும், முன்கழுத்து தளர்ந்து விலகி நிற்கும். மார்பும் சற்று இறங்கியிருக்கும். மார்புக்காகப் பிடிக்கும் டார்ட் தையலின் முனை பழைய உயரத்திலேயே இருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த துணியும் சுருங்கித்தான் நிற்கும். தயவுசெய்து அளவு ஜாக்கெட்டை வீட்டில் வைத்துவிட்டு, நாடாவால் புதிதாக அளவெடுக்கச் சொல்லுங்கள். முதுகு உயரத்தையும் முன் உயரத்தையும் தனித்தனியாக எடுக்கச் சொல்லுங்கள்.

கை எங்கே முடிய வேண்டும் என்பது அடுத்தது. ஜாக்கெட் கை முடிகிற இடத்தில்தான் பார்ப்பவர் கண் போய் நிற்கும். மேல்கை எங்கே அதிகப் பருமனோ, அங்கேயே கொண்டுபோய் நாம் கரையை வைத்து முடிக்கிறோம். இன்னும் கீழே இறக்கி, முழங்கைக்குச் சற்று மேலே மெலிகிற இடத்தில் முடித்தால் கையின் தோற்றமே மாறிவிடும். தோள் சரிந்திருப்பவர்களுக்கு ரெட்ரோ தீம் ஒரு நல்ல வாய்ப்பு. சின்னதாக ஒரு பஃப் கை வைத்தால் தோள் நிமிர்ந்து தெரியும். சின்னதாகத்தான், பூசணிக்காய் அளவுக்கு வேண்டாம். கழுத்தை அகலமாக வெட்டினால் வளைந்த தோளிலிருந்து வழுக்கிக்கொண்டே இருக்கும். அகலத்தைக் குறைத்துக் கொஞ்சம் ஆழம் கூட்டிக்கொள்ளலாம்.

நிறம் பற்றி. ஹல்திக்கு மஞ்சள் என்கிறார்கள். எந்த மஞ்சள் என்று அவர்கள் சொல்லவில்லை, அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. எலுமிச்சை மஞ்சளில் ஒரு பச்சைச் சாயல் இருக்கிறது; அது பல முகங்களைச் சோர்வாகக் காட்டும். மாம்பழ மஞ்சள், சாமந்தி, கடுகு, இவை நம் நிறத்துக்கும் நரைத்த முடிக்கும் ஒளி கொடுக்கும். துணிக்கடையின் குழல்விளக்கின் கீழ் முடிவு செய்யாமல், வாசலில் பகல் வெளிச்சத்துக்கு எடுத்து வந்து, தாடைக்குக் கீழே பிடித்துக் கண்ணாடியில் பாருங்கள்.

வெளிறிய நிறங்கள்தான் தீம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். தலைமுடி வெளுத்து, புடவையும் வெளிறியிருந்தால் நடுவில் முகம் எடுபடாது. முகத்துக்கு அருகில் வருவது ஜாக்கெட்டும் தோளில் ஏறும் கரையும்தான். புடவையின் உடல் இளம் ரோஜா நிறமாக இருக்கட்டும். கரையும் ஜாக்கெட்டும் அரக்காகவோ வாடாமல்லியாகவோ இருக்கட்டும். உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் கோத்து நெய்கிற கோர்வைப் புடவை காஞ்சிபுரத்தில் இதற்கென்றே இருக்கிறது. தீமிலிருந்து விலகிவிட்டதாக யாரும் சொல்ல முடியாது. ஆர்கன்ஸா, டிஷ்யூ மாதிரி விறைத்து நிற்கும் துணிகள் உருவத்தைப் பருமனாக்கும்; மென்பட்டும் கிரேப்பும் நம் பக்கம்.

ஆண்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், உங்களுக்கும் ஒரு வார்த்தை. ரெட்ரோ என்று சொன்னதும் பளபளக்கும் சட்டையும் பொய்முடியும் வாடகைக்கு எடுக்க ஓடாதீர்கள். உங்கள் அப்பா காலத்து சஃபாரி சூட் தைத்துக்கொள்ளலாம். நீளக் காலர் வைத்த ஸ்லாக் சட்டையும் சட்டைப் பையில் ஒரு மைப்பேனாவும் இருந்தாலே எண்பதுகள் வந்துவிடும். சட்டையின் தோள் தையல் உங்கள் தோள் எலும்பின்மேல் சரியாக உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பே முழு உடையையும், செருப்பு நகை உட்பட, வீட்டில் ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டு வேலை பாருங்கள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள். அக்குள் பிடித்தால் தையல்காரரிடம் திரும்பப் போக நேரம் இருக்கும். தரையில் உட்கார்ந்து எழுந்திருங்கள். மாடிப்படி ஏறி இறங்குங்கள். உடம்பை இறுக்கிப் பிடிக்கும் புதுவித உள்பாவாடை வாங்கியிருந்தால், அதோடு நீள அடி வைத்து நடக்க முடிகிறதா, கழிவறைக்குப் போய்வர முடிகிறதா என்று கட்டாயம் பார்த்துவிடுங்கள். முடியவில்லை என்றால் வழக்கமான பாவாடையே போதும்.

எப்படியும் பாட்டு போட்டதும் மருமகளோ அண்ணன் மகளோ வந்து, “வாங்க பெரியம்மா” என்று கையைப் பிடித்து இழுக்கத்தான் போகிறாள். கொசுவம் தரையில் புரளாமல் ஒரு விரல் உயரத்தில் நிற்கட்டும், முந்தானையைத் தோளில் ஊக்குக் குத்தி, நுனியை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். நாலு பாட்டுக்குத் தாங்கும்.